அக்கா பேசிக் கெடுத்த கேசட்

எனக்குப் பொழுதுபோக்குகள் மூன்று: பழைய பாட்டு, பழைய கேசட், இரண்டுக்காகவும் மனைவியிடம் திட்டு வாங்குவது.

பதினைந்து வயதில் ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பாட்டுப் பதிவு செய்வேன். வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. அக்கா மட்டும் வேண்டுமென்றே பேசிக் கெடுப்பாள். ஒரு கேசட்டில் மூன்றாவது பாட்டுக்கு நடுவே அவள் குரல் வரும்: "தலைய வாருடா, கரடி மாதிரி இருக்க." அதை அழித்துவிட்டு மறுபடி பதிய நினைத்தேன். என் சோம்பேறித்தனம் காப்பாற்றியது. அக்கா போய்ப் பத்து வருடமாகிறது. அவள் குரல் மிச்சமிருப்பது அதில் மட்டும்தான்.

நேற்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் பழைய சாமான் கடைல போடப்போறேன். ஒண்ணே ஒண்ணு வச்சுக்கோங்க."

யோசிக்காமல் அந்தக் கேசட்டை எடுத்து ஓடவிட்டேன். மூன்றாவது பாட்டில் அக்கா குறுக்கிட்டாள்.

"முடியெல்லாம் எங்கடா போச்சு?"

வழுக்கையைத் தடவிக்கொண்டேன். "வயசாயிடுச்சுல்லக்கா," என்றேன், பழக்க தோஷத்தில்.

பிறகு நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். அவள் கேள்விக்குப் பின்னால் என் பதிலும் பதிவாகியிருந்தது, பதினைந்து வயதுக் குரலில். அதைக் கேட்டு அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.