பதினொன்று நாற்பதுக்கு வந்த நியூட்ரினோ

“சார், சிக்கிருச்சு.”

ஆராய்ச்சி மாணவி ஜீவிதா மூச்சு வாங்க வந்து நின்றாள். பேராசிரியர் இளஞ்செழியன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. வெள்ளிக்கிழமையோடு பணி ஓய்வு. மறுநாள், மலையடிவாரத்துப் பாறை அறையில் இருக்கும் கருவியைக் கழற்ற ஆள் வருகிறது.

“என்னம்மா சிக்குச்சு, எலியா?”

“நியூட்ரினோ சார்.”

அலுப்பாகச் சிரித்தார். மனிதன், மலை, பூமி எல்லாவற்றையும் தொடாமலே ஊடுருவிப் போய்விடும் துகள் அது. என்றாவது ஒன்று தன் கருவியில் மோதும் என்று முப்பத்தோரு வருடம் காத்திருந்தார். மோதினால் கணினியில் அன்றைய ஃபைலில் பதிவாகும்; மோதாத நாளில் ஃபைல் காலியாகக் கிடக்கும். இத்தனை வருடமும் காலிதான். “என்ன சார், மாட்டுச்சா?” என்று கேலி செய்த சக ஆசிரியர்கள்கூட அலுத்துப்போய்க் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

“மூணு தடவ இப்படித்தான் ஓடி வந்த. மூணும் நான் வச்ச பொய்.”

அது அந்த வேலையின் வழக்கம். மாணவர்கள் கவனமாக இருக்கிறார்களா என்று சோதிக்க, அவரே ரகசியமாக ஃபைலில் ஒரு பொய் மோதலைச் சேர்த்துவிடுவார். அதன் தேதியை எழுதி உறையில் போட்டு ஒட்டிப் பூட்டி வைப்பார். பொய் வைக்காத வருடம் வெற்றுத்தாளைப் போட்டு ஒட்டி வைப்பார். யாராவது சிக்கியதாகச் சொன்னால்தான் உறையைப் பிரிப்பது.

“இந்தத் தடவயும் பிரிச்சுப் பாருங்க சார். பதினாலாந்தேதி, காலைல பதினொன்னு நாப்பது. அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டு நிலக்கோட்டைல இருந்தேன்ல, அன்னைக்குத்தான். லீவு முடிஞ்சு இப்பத்தான் ஃபைலைப் பாத்தேன்.”

“பதினாலாந்தேதியா?”

“ஆமா சார். ஏழு தடவ சரிபாத்துட்டேன்.”

அவர் திரும்பிச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தார். அவள் பிரித்தாள். வெற்றுத்தாள்.

“அப்ப நீங்க வைக்கல சார்.”

“வைக்கலம்மா. இந்த வருசம் அதுக்கும் தெம்பு இல்ல.”

“அப்ப நெசந்தான் சார். உங்க முப்பத்தோரு வருசமும் வீணாப் போகல.”

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அவளுக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆய்வேட்டை எப்போதோ கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை ஒட்டன்சத்திரத்தில் பள்ளிக்கூட வேலையில் சேர வேண்டும்.

இளஞ்செழியனுக்கும் கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“கட்டுரை எழுதிருவோமா சார்? உங்க பேரை மொதல்ல போடுவோம்.”

“வேணாம்மா. அந்தப் பதிவை அழிச்சிரு.”

“ஏன் சார்? உறைல வெத்துத்தாள்தானே இருந்துச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

“நீ ஊர்ல இல்ல, ஒனக்குத் தெரியாது. பதினாலாந்தேதி காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் இங்க கரண்ட் ஷட்டவுன். ஜெனரேட்டருக்கு டீசலும் இல்ல, நான்தான் கருவியை ஆஃப் பண்ணிட்டு வந்தேன். பொய் வைக்கிறதுன்னா, கரண்ட் இருந்த நாளாப் பாத்து வச்சிருக்கணும்மா.”