வெள்ளை அட்டை

“கதவைச் சாத்தாதீங்க டாக்டரம்மா. திறந்தே இருக்கட்டும்.”

துறைமுகக் கம்பெனி ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். அவள் டாக்டர் இல்லை. துறைமுகத்து ஆட்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

வெளியே, இடுப்பு வலி என்று வந்தவளின் கணவன் சீருடையோடு நின்றிருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வராந்தாவில் நாலு நாற்காலி காலியாகக் கிடந்தும் உட்காராமல், சுவரில் தோளைச் சாய்த்து, கண் கொட்டாமல் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டிக்குக் காவல் போட்டிருக்கிற மூஞ்சி. பிசியோதெரபிஸ்ட்டுக்கு அவனைப் பார்த்ததுமே பிடிக்காமல் போயிற்று.

மேசையில் இரண்டு கட்டு அட்டைகள் இருந்தன. தொழிலாளிக்கு நீலம், அதன் நகல் அன்றைக்கே மேலதிகாரிக்குப் போய்விடும். குடும்பத்தாருக்கு வெள்ளை, அது எங்கேயும் போகாது.

இந்த வருஷம் மூன்று கிரேன்காரர்களின் இடுப்பு வலியை அவள் நீல அட்டையில் உள்ளது உள்ளபடி எழுதினாள். மூவரையும் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதற்கப்புறம் ஒரு கிரேன்காரனும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நீலக் கட்டை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். நல்லவேளை, இன்றைக்கு வெள்ளை.

“எப்ப வலிக்குது?”

“உக்காந்தாத்தான். அரை மணி தாங்காது. இடுப்புல ஆரம்பிச்சு இடது கால் வழியா பாதம் வரைக்கும் சுண்டி இழுக்கும். குனிஞ்சு கீழயே பாத்துக்கிட்டு உக்காந்தா உயிரே போயிடும்.”

“எத்தனை நாளா?”

“மூணு வருஷமா. எந்திரிக்கறப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டு, எதையாவது பிடிச்சுக்கிட்டுத்தான்.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உக்காருவீங்க?”

“எட்டு மணி நேரம்.”

“வீட்டுல உக்காந்துக்கிட்டு அப்படி என்ன வேலை?”

வந்தவள் கொஞ்சம் யோசித்தாள். “டிவி பாப்பேன்.”

“டிவியை யாராவது குனிஞ்சு பாப்பாங்களா?”

பிசியோதெரபிஸ்ட் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, இடது காலை நீட்டியபடியே மெல்லத் தூக்கினாள். கால் எந்தத் தடையுமில்லாமல் செங்குத்தாக வந்தது. இடுப்பில் நான்கைந்து இடத்தில் அழுத்தியும் முகம் சுருங்கவில்லை. இறங்கியவள் சட்டென்று குனிந்து, கட்டிலுக்கடியில் போயிருந்த செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

நோகாத இடுப்பைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி இங்கே எதற்கு வரவேண்டும்? வலி வேறெங்கோ இருக்கிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை. வாசலில் நிற்கிறவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, பிசியோதெரபிஸ்ட் குரலைத் தாழ்த்தினாள்.

“அவரு கை நீட்டுவாரா? பயப்படாம சொல்லுங்க. எங்கயும் எழுதமாட்டேன்.”

வந்தவளின் கண் நிறைந்துவிட்டது. “அந்தக் கைக்கு அதெல்லாம் தெரியாதுங்க.”

“அப்புறம் எதுக்கு வாசல்ல நின்னு இப்படி முறைக்கிறாரு? இருங்க, கதவைச் சாத்திட்டு வரேன்.”

எழுந்தவளின் மணிக்கட்டை வந்தவளின் கை இறுகப் பிடித்தது. கட்டைவிரல் காய்த்துப் போயிருந்தது. உள்ளங்கையிலிருந்து வலித் தைல வாடை குப்பென்று ஏறியது.

“கதவு மட்டும் வேணாம் டாக்டரம்மா. எப்படி உக்காரணும்னு சொல்லிக் குடுங்க, போதும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பிசியோதெரபிஸ்ட்டுக்குத் துக்கமாக இருந்தது. கண்ணெதிரே ஒருத்தி தவிக்கிறாள். வாயைத் திறக்காதவளுக்கு என்ன செய்துவிட முடியும்? கேட்டதையாவது கொடுத்து அனுப்பலாம் என்று, வெளியே இருப்பவன் காதில் விழாதபடி கிசுகிசுத்தாள்.

“ஒரு துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால வச்சுக்குங்க. ரெண்டு பாதமும் நல்லா கீழ படணும். அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு, கையை இடுப்புல ஊணிப் பின்பக்கமா வளைங்க.”

வாசலில் நின்றவன் இடது காலை இழுத்து ஓரடி முன்னால் வைத்தான். கழுத்தை உள்ளே நீட்டினான். பெண்டாட்டியிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசக்கூட விடமாட்டானா என்று எரிச்சலாக வந்தது. அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

வந்தவள் பிடித்திருந்த கையை விடவில்லை.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க டாக்டரம்மா. வலி அவருக்குத்தான்.”