எடுத்துக் கொடுக்காதவர்கள்

"தி" வரை வந்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை.

நாக்கு மேல்பல்லின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது.

கைப்பேசித் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பத்துப் பன்னிரண்டு முகங்கள். எல்லோருமே திக்கிப் பேசுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இப்படிக் கூடிப் பேசுவது குழுவின் வழக்கம்.

யாரும் வாயைத் திறக்கவில்லை.

சற்று முன் "என் பேரு உமா இல்லைங்க" என்று அவள்தான் ஆரம்பித்திருந்தாள். அது தங்குதடையில்லாமல் வந்துவிட்டது. சொந்தப் பெயர்தான் இப்போது தொண்டையில் நிற்கிறது.

ஆட்டோக்காரர், தையல்கடை, கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலி, யார் கேட்டாலும் உமா. வழுக்கிக்கொண்டு வருகிற பெயர். 'தி' வராத பெண்ணுக்கு 'தி'யிலேயே தொடங்குகிற பெயரை வைத்தவர்களையும் குறை சொல்ல முடியாது. வைக்கும்போது அவளுக்குப் பேச்சே வரவில்லை.

குழுவில் சேர்ந்த அன்றும் பயத்தில் உமா என்றே சொல்லிவைத்தாள். அவர்களும் உமாக்கா, உமாக்கா என்று உருகினார்கள். அந்தப் பிரியமெல்லாம் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

இன்று சொல்லிவிட வேண்டும். இத்தனை நாள் ஏமாற்றினாளே என்று நினைத்தால் நினைக்கட்டும்.

"தி... தி..."

வீட்டிலென்றால் இந்நேரம் தனசேகர் முடித்துவைத்திருப்பார். நல்ல கணவர். அவள் 'ப' என்றால் ஓடிப்போய்ப் பால் வாங்கி வந்துவிடுவார். அவள் கேட்டது பருப்பாக இருக்கும். அவளும் பேசாமல் பாலைக் காய்ச்சிவிடுவாள்.

இங்கே ஒரே சட்டம்தான். அடுத்தவர் வார்த்தையை யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. தெரிந்தாலும் கூடாது. பாவம் என்று பார்க்கவும் கூடாது. கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இருந்தார்கள்.

மதுரைக்காரர் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூர்ப் பெண்ணின் மடியில் குழந்தை சிணுங்கியது. கண்ணை எடுக்காமலே தட்டிக்கொடுத்தாள். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை இவர்கள். சொந்தபந்தத்தில் யார் நமக்காக இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், சொல்லுங்கள்.

சத்தம் கேட்டு தனசேகர் அறை வாசலுக்கு வந்துவிட்டார். உதவத்தான். வாயும் திறந்துவிட்டது.

அவள் திரும்பாமலே கையைக் காட்டினாள்.

அவர் வாய் மூடிக்கொண்டது.

"தி... திலகவதி."

வந்துவிட்டது.

தன் பெயரைத் தன் குரலில் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

யாரும் கைதட்டவில்லை. அந்தப் பழக்கமும் அங்கே இல்லை.

"வா... வாங்க, திலகவதி" என்றார் மதுரைக்காரர். பிறகுதான் காபியைக் குடித்தார்.

அடுத்துப் பேச வேண்டியவன் ரவி. குழுவைத் தொடங்கியவன், அந்தச் சட்டத்தைப் போட்டவனும் அவன்தான். தலை குனிந்துகொண்டான்.

"அக்கா" என்றான். "எ... என் பேரும் ரவி இல்லக்கா."

யாரும் சிரிக்கவில்லை.

"க..." என்று ஆரம்பித்தான். நின்றுவிட்டது.

முகங்கள் மறுபடி அசையாமல் காத்திருந்தன.

தனசேகர் ஓசைப்படாமல் வந்து கட்டிலில் அவளருகே உட்கார்ந்தார். "கண்ணனா இருக்குமோ?" என்று காதருகே கேட்டார்.

"உஷ். அவரே சொல்லுவாரு."

அவர் தலையாட்டினார். கைகளைக் கட்டிக்கொண்டு, முன்பின் பார்த்திராத அந்தப் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.