நடுங்காத வீடு

காபி டம்ளர் சாத்தப்பன் கையில் கிடுகிடுவென ஆடியது. வேட்டியில் சிந்தி, தரையில் விழுந்து உருண்டது.

"தப்பா நினைச்சுக்காதீங்க டாக்டர்" என்றாள் அவர் மனைவி மெய்யம்மை, துடைத்தபடி. "மாமனாருக்கும் இப்படித்தான். இவங்க மாதிரியே நாப்பத்தஞ்சுல ஆரம்பிச்சுச்சு."

டாக்டர் அடைக்கப்பன் அந்தக் கையையே கவனித்தார். மகள் நாச்சம்மைக்கு மாப்பிள்ளை பார்க்க, பிரிக்பீல்ட்ஸில் அவர் படியேறிய முதல் வீடு இது.

மகன்கள் இருவரும் ஓடிவந்து அப்பாவைத் தாங்கிக்கொண்டார்கள். சுவரில், பத்துமலையில் எடுத்த பழைய படம். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு மூன்று சிறுவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்" என்றார் டாக்டர், காரில் ஏறியதும்.

மனைவி காமாட்சிக்கு மனசில்லை. "மூத்த பையன் இன்ஜினியர்லா. அப்பாவுக்கு வந்தா மகனுக்கும் வந்தே ஆகணுமா?"

"வரலாம், வராமலும் போகலாம். போன வருஷம், தொண்ணூத்தேழுல, ஒரு இத்தாலிக் குடும்பத்துல கண்டுபிடிச்சாங்க. ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. தலைமுறை தலைமுறையா பார்க்கின்சன்ஸ். இங்கயும் அப்படி இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. காசு சுண்டிப் பார்த்து மகளைக் கட்டிக் குடுப்பியா?"

மெய்யம்மை போன் செய்தபோது, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி முடித்தார்.

அடுத்தது கிள்ளானில், சின்னையா வீடு. சின்னையாவின் தகப்பனார் எண்பத்தெட்டு வயதில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். விரல்கள் கல்லாக நின்றன. டாக்டர் விடவில்லை, மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

"யாருக்காவது கை நடுக்கம்?"

"எங்க வீட்டுலயா? கேள்விப்பட்டதே இல்ல டாக்டர்" என்றார் சின்னையா. மாப்பிள்ளை வயிரவன் அடக்கமாகச் சிரித்தான்.

டாக்டர் நோட்டை மூடினார். நாள் குறித்தார்.

கெட்டிமேளம் முழங்க நாச்சம்மை கழுத்தில் தாலி ஏறியது. மேளம் அடங்கியபோது மேடைப் படியில் யாரோ தடுமாறினார்கள். சாத்தப்பன். மெய்யம்மை அவரைத் தாங்கி வந்தாள்.

"இவங்களை யார் கூப்பிட்டது?" டாக்டர் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"நான் கூப்பிடலையே."

வயிரவன் சட்டென்று அவர்கள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். அவன் எழுந்ததும் சாத்தப்பன் விபூதி எடுத்தார். அவன் நெற்றிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி விபூதி நாச்சம்மையின் பட்டுப்புடவையில் உதிர்ந்தது.

டாக்டர் அருகே வந்தார். "ஆச்சி... மாப்பிள்ளையை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மெய்யம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எங்க உரிமைன்னு இனிமே சொல்லிக்கக் கூடாதுதான். இன்னைக்கு மனசு கேக்கல. அஞ்சு வயசுல சின்னையா அண்ணனுக்குச் சுவீகாரம் குடுத்த எங்க மூணாவது பையன், டாக்டர்."