எதிர்ப்பு சொல்ல வந்தவள்

இருளாயி உள்ளே வந்ததும் மங்களம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்காலியை இழுத்துக் கணவன் மாயாண்டிக்கு இன்னும் நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். ஓரகத்தி உறவு இவ்வளவுதான் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஈப்போ நில அலுவலகத்தில் அன்று விசாரணை. மாயாண்டியின் அண்ணன் அர்ச்சுனன் இறந்து இன்னும் வருடத் திதிகூட வரவில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை. சிம்பாங் பூலாயில் அவர் விட்டுப்போன பலகை வீட்டையும் துண்டு நிலத்தையும் தன் பொறுப்பில் எடுக்கத் தம்பி மனுப்போட்டிருந்தான். அந்த வீட்டில் இருந்த இருளாயி எதிர்த்து நின்றாள். தோற்றால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

“அண்ணனும் நானும் ஒரே லயத்துல பொறந்து, ஒரே நெரையில பால்மரம் வெட்டுனவங்க துவான். நல்லது கெட்டது எல்லாமே ஒண்ணாத்தான்.” மாயாண்டி அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைக்க அங்கே ஈரம்தான் இல்லை.

அதிகாரி மலாயில் பேசினார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். “செத்தவரோட பொண்டாட்டி, பிள்ளை, கடன் கொடுத்தவங்க எதிர்ப்பு சொல்லலாம். சும்மா கூட இருந்தவங்க சொல்ல முடியாது. நீங்க யாரும்மா?”

“பொண்டாட்டி,” என்றாள் இருளாயி.

“அப்ப கல்யாணத்தப் பதிவு பண்ணுன சூராட்டைக் காட்டச் சொல்லுங்க,” மாயாண்டி குறுக்கே பாய்ந்தான். “இந்தப் பொம்பள சும்மா கூட இருந்தவ லா. கழுத்துல தாலி இருக்கா பாருங்க.”

இருளாயி அவன் பக்கம் திரும்பினாள். “கருமாதியன்னைக்கு அறுக்கச் சொன்னதே நீதான? கட்டாத தாலிய எதுக்குப்பா அறுக்கச் சொன்ன?”

“அப்படி ஒண்ணும் நடக்கல.” கூசாமல் சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் அவன்.

அதிகாரி கையமர்த்தினார். “சூராட் இல்லாட்டியும் பரவாயில்ல. சடங்குப்படி தாலி கட்டுனதைக் கண்ணால பார்த்த சாட்சி யாராச்சும் இருக்காங்களா?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“தோட்டத்து மாரியம்மன் கோயில்ல எல்லாரும் பார்த்தாங்க துவான். பாதிப் பேரு செத்துட்டாங்க. மீதிப் பேரு எழுபதாம் வருசம் வேலை பெர்மிட் கிடைக்காம ஊருக்குக் கப்பலேறிட்டாங்க.” இருளாயியின் குரல் தாழவில்லை. “அதுக்காக நான் அவருக்குப் பொண்டாட்டி இல்லன்னு ஆயிருமா? போலீஸ் வந்தாலும் அந்த வீட்ட விட்டு எறங்க மாட்டேன்.”

மாயாண்டிக்கு வாயெல்லாம் பல். “எங்கிட்ட சாட்சி இருக்கு துவான். எம் பொண்டாட்டியும் அந்தத் தோட்டந்தான். கேட்டுப் பாருங்க.”

மனைவியை முழங்கையால் இடித்தான். அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை என்று அவள் சொல்ல வேண்டும். ஒரு வாரமாக வீட்டில் அதுதான் பாடம், மறுத்துப் பேசியதற்கு அடியும் விழுந்திருந்தது.

மங்களம் எழுந்தாள். அதுவரை பார்க்கக் கூசிய இருளாயியின் முகத்தை இப்போது நேராகப் பார்த்தாள்.

மொழிபெயர்ப்பாளர் சாட்சிகளிடம் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டார். “மாயாண்டி உங்களுக்கு என்ன உறவு?”

“அக்காவுக்குத் தாலி ஏறுன அதே பந்தல்ல, அதே முகூர்த்தத்துலதான் எனக்கும் ஏறுச்சு துவான். நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். எங்கிட்டயும் சூராட் கிடையாது.” மங்களம் கணவன் பக்கம் திரும்பவே இல்லை. “அதனால இவரு எனக்கு யாரும் இல்ல.”