பல் பட்ட பலகை

மிளகு என்ற நாய் காவல் இருந்த வீட்டில், வீட்டுக்காரம்மா ஒருநாள் 'நாய் ஜாக்கிரதை' என்று அச்சுக்கடையில் பலகை செய்து வாங்கிவந்து கேட்டில் மாட்டினாள். அச்சுக்கடைக்காரர் அப்போதுதான் ஒரு கல்யாணப் பத்திரிகையை முடித்திருந்தார். தூரிகையால் எழுதினதுபோல இருக்கும் அந்த எழுத்தை, கம்ப்யூட்டரில் மாற்ற மறந்து, இதற்கும் போட்டுவிட்டார்.

வளைந்து நெளிந்து, வாலைச் சுழற்றிக்கொண்டு, எழுத்து அவ்வளவு அழகு! வந்தவர்கள் நின்று ரசித்தார்கள். அப்புறம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து மிளகின் தலையைத் தடவினார்கள். ஒரு ஆடுகூட வந்து செம்பருத்தியை மேய்ந்துவிட்டுப் போனது.

"இதுக்குச் சோறு போடுறதே தண்டம். வேற நாய் பார்க்கணும்" என்றாள் வீட்டுக்காரம்மா.

இதைக் கேட்ட மிளகு பலகையிடம் ஓடி, "ஏண்டி, கொஞ்சம் முறைச்சுதான் பாரேன்" என்றது.

"எனக்கு வாங்க வாங்கன்னு கூப்பிடத்தான் தெரியும். பொண்ணு மாப்பிள்ளை பேரை எழுதிப் பழகின உடம்பு இது. நீ வேணா கொஞ்சம் ராகமாக் குரையேன், நமக்குள்ள பொருத்தமா இருக்கும்" என்றது பலகை.

மிளகுக்கு வந்ததே கோபம்! எட்டிக் குதித்துப் பலகையின் ஓரத்தை ஒரே கடி. பல்லெல்லாம் பதிந்துவிட்டது.

மறுநாள் வந்த கேபிள்காரர் அந்தப் பல் தடத்தைப் பார்த்தார். சட்டென்று பின்னால் நகர்ந்து, "அம்மா, நாயைக் கட்டியாச்சா?" என்று தெருவிலிருந்தே கத்தினார். அன்றைக்கு மிளகுக்குச் சோற்றோடு பெரிய எலும்பும் கிடைத்தது.

"பாத்தியா என் எழுத்தை? ஒருத்தராவது கிட்ட வர்றாங்களா?" என்றது பலகை.

மிளகு எலும்பை வாய் நிறையக் கவ்வி, இன்னும் ஒரு கடி கடித்தது.