கிணத்து வீடு

"சார், ஒரு மாசம்கூட நான் பாக்கி வச்சதில்ல!" பிரகாசம் பேங்க் மேனேஜர் முன்னால் கார்டு பில்களைப் பரப்பினான். கண் படுமென்று யாரிடமும் மூச்சு விடாமல் விலை பேசிவைத்த முத்தியால்பேட்டை கிணத்து வீட்டுக்குப் பணம் கட்ட இன்றுதான் கெடு.

"கட்டிடுறீங்க, சரி. ஆனா மாசாமாசம் லிமிட்டு முட்டுற அளவுக்குக் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறீங்க. அதான் கிரெடிட் ஸ்கோர் விழுந்துடுச்சு. லோன் வராது."

"எனக்காக இல்ல சார். சிநேகிதன் டோனி எது வாங்குனாலும் என் கார்டுதான். பணத்தை உடனே கையில குடுத்துடுவான்."

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். பிரகாசம் வீட்டு ஓனரைக் கூப்பிட்டுத் தன்னால் முடியாதென்று அழாக்குறையாகச் சொன்னான்.

சாயங்காலம் டோனி போன் பண்ணினான்.

"மச்சான், முத்தியால்பேட்டையில கிணத்து வீட்டைப் பேசி முடிச்சிட்டேன்டா! எவனுக்கோ லோன் கிடைக்கலையாம். சர்ச் ஃபாதர் வந்து வீடு மந்திரிக்கறதுக்குள்ள ஃப்ரிட்ஜ் எடுக்கணும், உன் கார்டோட வந்துடு. என்னுதைத் தேய்ச்சா ஸ்கோர் போயிடும்டா!"